நான்கு விரற்கடைத் தூரம்: ஓ.எம். நம்பியாரின் வாழ்க்கை

பி.டி. உஷா பிறவியிலேயே வேகம் படைத்தவர், அவரை யார் பழக்கியிருந்தாலும் இதே உயரத்தை எட்டியிருப்பார், அப்படியிருக்க அவருடைய பயிற்சியாளர் ஓ.எம். நம்பியாருக்கு ஏன் இவ்வளவு பெருமை சேர்க்கிறார்கள் என்று ஓர் இளைஞர் கேட்டிருக்கிறார். கேள்வி நியாயமானதுதான். பல ஆண்டுகள் பள்ளி மைதானத்தில் விசிலும் கையுமாக நின்றவன் நான். வேகத்தை எந்தப் பயிற்சியாளரும் உண்டாக்கிக் கொடுத்துவிட முடியாது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த வேகத்தை எந்தப் போட்டியில் செலவிடுவது, எந்த வயதில் எதைத் தள்ளிப்போடுவது, தோற்றுத் திரும்பிய நாளுக்கு மறுநாள் காலை எத்தனை மணிக்கு எழுப்புவது என்பவை வேகத்தோடு கூடப் பிறப்பவை அல்ல. அவற்றை முடிவு செய்ய ஓர் ஆள் வேண்டும். 1976 முதல் 1990 வரை உஷாவுக்கு அந்த ஆள் நம்பியார்.

எண்பதுகளில் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் படித்தவர்களுக்கு உஷாவின் பெயர் வாழ்த்தாகவும் பழக்கம், வசவாகவும் பழக்கம். கடைசி மணி அடித்ததும் வாசலுக்குப் பாயும் பெண்ணைப் பார்த்து "பெரிய பி.டி. உஷான்னு நினைப்பு" என்று சொல்லாத வாத்தியார் இல்லை. ஆனால் நம்பியார் என்று சொன்னால் நம் ஊரில் எம்.ஜி.ஆரிடம் அடி வாங்கிய எம்.என். நம்பியார்தான் நினைவுக்கு வருவார். மாணவியின் பெயர் ஒரு சொலவடையாகவே மாறிவிட்ட நாட்டில் ஆசிரியரின் பெயர் இன்னொருவருடையதாகக் குழம்பிப்போனது வேடிக்கைதான். அதனால் அவருடைய கதையைச் சற்று முன்னாலிருந்தே சொல்ல வேண்டியிருக்கிறது.

ஒத்தயோத்து மாதவன் நம்பியார் 1932இல் பிறந்தவர். கோழிக்கோடு மாவட்டத்தின் வடபகுதியில், வடகரைக்குப் பக்கத்திலுள்ள மணியூர் அவர் கடைசிவரை வாழ்ந்த ஊர். உஷா வளர்ந்த பய்யோளியும் அதே வட்டாரம்தான். கோழிக்கோட்டிலிருந்து கண்ணூர் செல்லும் ரயில் பாதையில் கொயிலாண்டிக்கும் வடகரைக்கும் நடுவே வரும் கடலோரச் சிற்றூர். அந்தப் பக்கம் களரிப்பயிற்றுக்குப் பேர்போனது. வடகேரளத்து வீரகதைப் பாடல்களான வடக்கன் பாட்டுகளில் வரும் தச்சோளி ஒதேனன் வடகரைக்காரர் என்பார்கள். களரி ஆசானை அங்கே குருக்கள் என்று அழைப்பது வழக்கம். சுவடு வைக்கக் கற்றுக்கொடுப்பதோடு அவருடைய வேலை முடிந்துவிடாது. எண்ணெய் தேய்த்து உடம்பை நீவிவிடுவது, சுளுக்கு எடுப்பது, எலும்பு விலகினால் கட்டுப் போடுவது எல்லாம் அவர் பொறுப்பு. நம்பியார் களரி ஆசான் அல்லர். ஆனால் பிள்ளையின் உடம்பு முழுவதும் தன் பொறுப்பு என்று அவர் நடந்துகொண்ட விதத்தில் அந்த மண்ணின் பழக்கம் இருந்ததாகவே எனக்குத் தோன்றுகிறது.

அவர் தாமும் ஓட்டக்காரர்தான். இந்திய விமானப்படையில் 15 ஆண்டுகள் பணியாற்றி, படைப்பிரிவுகளின் அணிக்காகத் தேசியப் போட்டிகளில் ஓடி, 1970இல் சார்ஜென்டாக ஓய்வு பெற்றார். பிறகு பாட்டியாலாவிலுள்ள தேசிய விளையாட்டுப் பயிலகத்தில் பயிற்சியாளருக்கான படிப்பை முடித்தார். கேரளத்தில் விளையாட்டுக் கவுன்சிலை உருவாக்கி வளர்த்த கோத வர்ம ராஜா அவரைப் பார்த்துப் பேசி, கேரளத்துக்கே வந்துவிடும்படி அழைத்தார் என்பது பலரும் எழுதியுள்ள செய்தி. ராணுவத்திலிருந்து திரும்பியவர்கள் வங்கிக் காவலுக்கோ பண்ணை விவசாயத்துக்கோ போய்விடுகிற காலத்தில், இவர் கையில் ஸ்டாப் வாட்ச்சோடு மறுபடியும் மைதானத்துக்குள் நுழைந்தார்.

1976இல் கேரள அரசு கண்ணூரில் பெண்களுக்கென ஒரு விளையாட்டுப் பிரிவைத் தொடங்கி, 40 சிறுமிகளைத் தேர்ந்தெடுத்துத் தங்க வைத்துப் படிக்கவும் ஓடவும் ஏற்பாடு செய்தது. அந்தச் சிறுமிகளில் ஒருவர் உஷா. 1964 ஜூன் 27 அன்று பிறந்தவர் என்பதால் அப்போது அவருக்கு வயது பன்னிரண்டு. வீட்டில் வசதி கிடையாது, உடம்பும் அடிக்கடி படுத்தும். அதற்கு முன்பே அவரை அடையாளம் கண்ட பெருமை உள்ளூர்ப் பள்ளியின் உடற்கல்வி ஆசிரியரைச் சேரும். நான்காம் வகுப்புப் பெண்ணை ஏழாம் வகுப்பின் ஓட்டச் சாம்பியனோடு ஓட விட்டு, சின்னவள் முந்துவதைக் கண்ணால் பார்த்தவர் அவர். எந்தப் பெரிய வீரரின் கதையைக் கிளறினாலும் அடியில் இப்படி ஒரு பி.டி. வாத்தியார் கிடைப்பார்.

நம்பியார் உஷாவிடம் முதலில் என்ன கண்டார் என்பதைப் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார்: மெலிந்த உடல்வாகு, வேகமான நடை. இந்தப் பதிலைச் சாதாரணமாகக் கடந்துவிடக் கூடாது. புதிதாக வரும் பயிற்சியாளர்கள் பிள்ளைகளை நிறுத்தி வைத்து 50 மீட்டர் ஓட விட்டு நேரம் எடுப்பார்கள். அன்றைக்குச் சாப்பிடாமல் வந்தவளும், முன்தினம் வயலில் வேலை செய்தவளும், செருப்பில்லாத காலில் முள் குத்தியவளும் அந்த நேரத்தில் பின்தங்கிவிடுவார்கள். நடை அப்படி ஏமாற்றாது. தரையில் பாதம் எவ்வளவு நேரம் தங்குகிறது, இடுப்பு மேலே நிற்கிறதா உட்கார்ந்துவிடுகிறதா, கணுக்கால் தானாக நெம்பித் தள்ளுகிறதா என்பவையெல்லாம் வரிசையில் வந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போகும்போதே தெரிந்துவிடும். நாற்பது பிள்ளைகள் ஓடுகிற இடத்தில் ஒரு பிள்ளையின் நடையைக் கவனித்தவர் நம்பியார்.

விடுதிப் பயிற்சி என்பது வெளியிலிருந்து பார்ப்பவர்கள் நினைப்பதுபோல் ஓட்டம் மட்டும் அன்று. பன்னிரண்டு வயதில் வீட்டை விட்டு வந்த பெண்பிள்ளைக்கு ராத்திரியில் அழுகை வரும். அரசு கொடுக்கும் மாதம் 250 ரூபாய் உதவித்தொகைக்குள் சாப்பாடும் அடங்க வேண்டும், ஓட்டத்துக்கான காலணியும் அடங்க வேண்டும். மைதானம் கிடைக்காத நாள்களில் கடற்கரைதான் மைதானம். பய்யோளிக் கடற்கரையில் உஷா ஓடிப் பழகியதை எல்லோரும் அழகான காட்சியாக எழுதிவிட்டார்கள். அங்கே நடக்கும் வேலையைச் சொன்னவர்கள் குறைவு. அலை தொட்டுப் போகும் ஈர மணல் கெட்டியாக இருக்கும், அதில் வேகம் எடுக்கலாம். நான்கடி மேலே ஏறினால் மணல் பொலபொலவென்று காலை விழுங்கும். அங்கே முப்பது மீட்டர் ஓடுவதற்குள் கெண்டைக்கால் எரியத் தொடங்கும், முழங்காலைத் தூக்கினால்தான் அடுத்த அடி வைக்க முடியும். கரை கடல் பக்கம் சரிந்திருப்பதால் ஒரே திசையில் ஓடிக்கொண்டிருந்தால் ஒரு பக்க இடுப்பு வலி கண்டுவிடும் என்பதால், போன தூரத்தைத் திரும்பியும் ஓட வேண்டும். சாம்பல் பரப்பிய சின்டர் தடமும் செயற்கை ஓடுதளமும் எளிதில் வாய்க்காத ஊரில், ஈர மணலையும் உலர் மணலையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தத் தெரிந்த ஆசிரியருக்குக் கடலே ஒரு கருவிதான்.

1978இல் கொல்லத்தில் நடந்த மாநிலங்களுக்கு இடையிலான இளையோர் போட்டியில் உஷா ஆறு பதக்கங்கள் வாங்கினார். அதில் நான்கு தங்கம். என்னென்ன போட்டிகள் என்று பாருங்கள்: 100 மீட்டர், 200 மீட்டர், 60 மீட்டர் தடை ஓட்டம், உயரம் தாண்டுதல். நீளம் தாண்டுதலில் வெள்ளி, குண்டு எறிதலில் வெண்கலம். பதினான்கு வயதுப் பிள்ளையைக் குண்டு எறிய விடுவானேன் என்று யாரும் கேட்கலாம். அந்த வயதில் எல்லாவற்றையும் செய்து பார்க்க விட வேண்டும் என்பதுதான் சரியான பயிற்சி முறை; ஒரே ஓட்டத்தில் சிறு வயதிலேயே பிழிந்து எடுத்தால் பதினெட்டு வயதில் வெறும் சக்கைதான் மிஞ்சும். அன்றைக்குத் தடையைத் தாண்டிய பழக்கமும் உயரம் தாண்டிய பழக்கமும் ஆறு ஆண்டுகள் கழித்து எங்கே கைகொடுத்தன என்பதில்தான் நம்பியாரின் முக்கியமான முடிவு அடங்கியிருக்கிறது.

1980இல் மாஸ்கோ ஒலிம்பிக்கில் 16 வயதில் ஓடிய உஷா முதல் சுற்றிலேயே வெளியேறினார். 1982இல் டெல்லி ஆசிய விளையாட்டில் 100 மீட்டரில் பிலிப்பைன்ஸின் லிடியா டி வேகாவுக்கு அடுத்தபடியாகவும், 200 மீட்டரில் ஜப்பானின் ஹிரோமி இசோசாகிக்கு அடுத்தபடியாகவும் வந்து இரண்டு வெள்ளி பெற்றார். ஆசியாவில் இரண்டாவது என்பது நம் நாட்டுக்குப் பெரிய செய்தி. ஆனால் உலக அளவில் குறுந்தூர ஓட்டத்தில் அந்த நேரங்களுக்கு இடமே இல்லை என்பது கடிகாரத்தை மதிக்கும் எந்தப் பயிற்சியாளருக்கும் தெரியும். நம்பியார் தூரத்தை நீட்டினார். 1983இல் குவைத்தில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் 400 மீட்டரில் தங்கம் வந்தது. பிறகு 1984இல், பெண்களுக்கான 400 மீட்டர் தடை ஓட்டம் முதன்முறையாக ஒலிம்பிக்கில் சேர்க்கப்பட்ட அந்த ஆண்டில், உஷாவைத் தடைகளின் முன் கொண்டுபோய் நிறுத்தினார்.

இது எவ்வளவு துணிச்சலான முடிவு என்பது அந்த ஓட்டத்தை அறிந்தவர்களுக்குத்தான் புரியும். பத்துத் தடைகள், ஒவ்வொன்றும் இரண்டரை அடி உயரம். புறப்பட்ட இடத்திலிருந்து முதல் தடைக்கு 45 மீட்டர், அடுத்தடுத்த தடைகளுக்கு இடையே 35 மீட்டர், கடைசித் தடையிலிருந்து கோட்டுக்கு 40 மீட்டர். அந்த 35 மீட்டரை ஓட்டக்காரி ஒற்றைப்படை அடிகளில், பதினைந்திலோ பதினேழிலோ முடித்தால்தான் ஒவ்வொரு தடையையும் அதே காலால் தாண்டலாம். களைப்பில் அடி சுருங்கினால் கணக்குத் தப்பும். கணக்குத் தப்பினால் தடைக்கு முன்னால் பொடிநடை போட வேண்டிவரும், அங்கே அரை நொடி போகும். எங்கள் பள்ளியில் தடைகள் கிடையாது. நான் இரண்டு செங்கல் அடுக்கின் மேல் மூங்கிலை வைத்துப் பிள்ளைகளைத் தாண்டச் சொல்வேன். முதல் மூன்று தடைகளைப் பறவை மாதிரி தாண்டும் பெண், ஆறாவதுக்கு வரும்போது மூங்கிலைப் பார்த்துக் கண்ணை விரிப்பாள். அந்தக் கண்ணிலேயே தெரிந்துவிடும், கால் தவறப் போகிறது என்று. அதைச் சரிசெய்யவே பல பருவங்கள் ஆகும். உஷாவுக்கு நம்பியார் கொடுத்த காலம் சில மாதங்கள்.

அதே கேரளத்தைச் சேர்ந்த எம்.டி. வல்சம்மா 1982 ஆசிய விளையாட்டில் 58.47 நொடியில் இதே ஓட்டத்தில் தங்கம் வாங்கியிருந்தார் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நாட்டில் அந்தப் போட்டிக்கு ஏற்கெனவே ஒரு ராணி இருந்தார். அப்படியிருந்தும் நம்பியார் போட்ட கணக்கு எளிமையானது. உலகில் இந்த ஓட்டத்துக்கென்றே தேர்ந்தவர்கள் இன்னும் குறைவு. உஷாவிடம் 100 மீட்டர்க்காரியின் வேகம் இருக்கிறது, சிறு வயதில் தடையும் உயரமும் தாண்டிய இடுப்பு இருக்கிறது. இந்த இரண்டையும் சேர்த்தால் தடையில்லாத ஓட்டத்தில் எட்ட முடியாத உலக வரிசையை இங்கே எட்டலாம். யார் பழக்கியிருந்தாலும் ஓடியிருப்பார் என்ற வாதம் எனக்கு உடைந்துபோகும் இடம் இதுதான். வேறொருவர் கையில் அவர் ஆசியாவின் நல்ல 200 மீட்டர் ஓட்டக்காரியாக இருந்து ஓய்வு பெற்றிருக்கக்கூடும்.

லாஸ் ஏஞ்சலிஸில் நடந்த அந்த ஒலிம்பிக்கின் அரையிறுதியில் உஷா 55.54 நொடியில் முதலாவதாக வந்தார். இந்தியா அதுவரை கண்டிராத ஒன்று. அங்கே சாப்பாடு அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. கஞ்சியையும் கடுமாங்காய் ஊறுகாயையும் வைத்தே சமாளித்ததாகவும், கடைசி முப்பத்தைந்து மீட்டரில் தெம்பு குறைந்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்றும் உஷா பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். வீட்டில் காய்ச்சலுக்குக் குடிக்கும் கஞ்சியை வைத்துக்கொண்டு ஒலிம்பிக் இறுதிப் போட்டிக்குப் போக வேண்டியிருந்தது என்பதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

1984 ஆகஸ்ட் 8. இறுதி ஓட்டத்தில் முதல் தடவை எல்லோரும் புறப்பட்டபோது வேறொரு ஓட்டக்காரி துப்பாக்கிக்கு முந்திவிட, அனைவரையும் திரும்ப அழைத்தார்கள். உஷாவுக்கு அந்தப் புறப்பாடு அருமையாக அமைந்திருந்தது. இரண்டாவது தடவை அந்தக் கூர்மை இல்லை. எட்டுப் பேரும் வளைவைக் கடந்து நேர்பாதைக்கு வந்தபோது மொராக்கோவின் நவால் எல் முத்தவக்கில் தெளிவாக முன்னால் இருந்தார், 54.61 நொடியில் தங்கம் அவருக்கு. அமெரிக்காவின் ஜூடி பிரவுனுக்கு 55.20இல் வெள்ளி. மூன்றாவது இடத்துக்கு ருமேனியாவின் கிறிஸ்டியானா கொஜோகாருவும் உஷாவும் ஒன்றாகவே கோட்டைத் தொட்டதுபோல் தெரிந்தது. புகைப்படத்தைப் பார்த்துத்தான் முடிவு சொன்னார்கள்: கொஜோகாரு 55.41, உஷா 55.42.

நூறில் ஒரு பங்கு நொடி என்று வாயால் சொன்னால் எதுவும் புரியாது. 400 மீட்டரை 55.42 நொடியில் ஓடுகிறவர் ஒரு நொடிக்கு ஏழு மீட்டருக்குச் சற்று மேல் கடக்கிறார். அதில் நூறில் ஒரு பங்கு என்பது ஏழு சென்டிமீட்டர், அதாவது நான்கு விரற்கடை. கோட்டைத் தொடும் அந்தக் கணத்தில் மார்பை முன்னால் தள்ளிச் சாய்வதற்கு ஓட்டக்காரர்கள் தனியாகப் பழகுவார்கள்; அந்தச் சாய்வு சரியான கணத்தில் அமையாமல் போனதை உஷாவே ஒப்புக்கொண்டிருக்கிறார். இந்த ஓட்டத்தில் அனுபவம் குறைந்த ஒருவருக்கு, பத்துத் தடைகளைக் கடந்து கால் கனத்துப்போன நிலையில், அது தானாக வராது. ஒலிம்பிக் இறுதி வரை கொண்டுவந்த முடிவும், அங்கே அந்த அனுபவத்துக்குக் காலம் தராமல் போன முடிவும் ஒன்றேதான். அதை நம்பியார் அறியாதவர் அல்லர்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சோவியத் நாடும் கிழக்கு ஜெர்மனியும் அந்த ஒலிம்பிக்கைப் புறக்கணித்திருந்தன. அவர்கள் வந்திருந்தால் உஷாவுக்கு இறுதிப் போட்டியிலேயே இடம் கிடைத்திருக்குமா என்று கேட்பவர்கள் உண்டு. அது தவறான கேள்வி அன்று. ஆனால் விதியின் விளையாட்டைப் பாருங்கள். சோவியத் அணியான வார்சா ஒப்பந்த நாடுகளில் புறக்கணிப்பை மீறி அங்கே வந்த ஒரே நாடு ருமேனியா. வெண்கலத்தைக் கொண்டுபோனவர் அந்த நாட்டுப் பெண்.

அதே ஒலிம்பிக்கில் வல்சம்மா, வந்தனா ராவ், ஷைனி ஆபிரகாம், உஷா நால்வரும் 4x400 மீட்டர் தொடரோட்டத்தின் இறுதிக்குத் தகுதி பெற்று ஏழாவதாக வந்ததை நம் பத்திரிகைகள் அதிகம் கண்டுகொள்ளவில்லை. ஷைனிக்கும் வந்தனா ராவுக்கும்கூட நம்பியாரின் பயிற்சி கிடைத்தது என்பதை அவரை ஒரே மாணவியின் ஆசிரியராக நினைப்பவர்கள் அறிந்துகொள்ளலாம்.

அடுத்து வந்த இரண்டு ஆண்டுகள் பொற்காலம். 1985இல் ஜகார்த்தாவில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் உஷா 100, 200, 400 மீட்டர் ஓட்டங்களிலும், 400 மீட்டர் தடை ஓட்டத்திலும், 4x400 மீட்டர் தொடரோட்டத்திலும் தங்கம் வாங்கினார். 4x100 மீட்டர் தொடரோட்டத்தில் வெண்கலம். ஒரே போட்டித் தொடரில் ஆறு பதக்கங்கள். 1986இல் சியோல் ஆசிய விளையாட்டில் இந்தியா மொத்தமாக வாங்கிய தங்கம் ஐந்து. மல்யுத்தத்தில் கர்த்தார் சிங் வாங்கியது ஒன்று போக மற்ற நான்கிலும் உஷாவின் கால் பட்டிருந்தது. நாட்டில் பயிற்சியாளர்களுக்கென்று துரோணாச்சாரியார் விருதை 1985இல் ஏற்படுத்தியபோது, முதல் தொகுதியில் அதைப் பெற்ற மூவரில் குத்துச்சண்டையின் ஓம் பிரகாஷ் பரத்வாஜ், மல்யுத்தத்தின் பாலச்சந்திர பாஸ்கர் பாகவத் ஆகியோருடன் நம்பியாரும் இருந்தார். கட்டைவிரலைக் கேட்ட துரோணரின் பெயரில் ஆசிரியருக்கு விருது வைத்தவர்களின் யோசனை எனக்கு இன்றும் விளங்கவில்லை. அது வேறு கதை.

அவரைக் குறையே இல்லாதவராகக் காட்டினால் அவருக்கே நியாயம் செய்ததாகாது. ஒரே போட்டித் தொடரில் ஐந்து, ஆறு ஓட்டங்களில் ஒருவரை இறக்குவது உடம்பைத் தின்னும் காரியம். தகுதிச் சுற்றுகளையும் சேர்த்தால் ஒரு வாரத்துக்குள் பத்துப் பன்னிரண்டு முறை முழு வேகத்தில் ஓட வேண்டியிருக்கும். பதக்கப் பட்டியலுக்கு ஏங்கிய நாடும் கேட்டது, நம்பியாரும் மறுக்கவில்லை. 400 மீட்டர் தடை ஓட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு 1985க்கும் 1988க்கும் இடையில் உஷாவை வளர்த்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் பலமுறை யோசித்ததுண்டு. 1988இல் சியோல் ஒலிம்பிக்குக்குக் காயத்தோடு போன உஷா முதல் சுற்றைத் தாண்டவில்லை. நேற்றுவரை தலையில் தூக்கி வைத்தவர்கள் இறக்கிப் போட்டு மிதித்தார்கள். பயிற்சியாளருக்கும் அதில் பங்கு வந்து சேர்ந்தது. ஓய்வு பெறச் சொல்லிக் கட்டுரைகள் வந்தன. 1989இல் டெல்லியில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் நான்கு தங்கமும் இரண்டு வெள்ளியும் வாங்கித்தான் இருவரும் அதற்குப் பதில் சொன்னார்கள். 1990 பெய்ஜிங் ஆசிய விளையாட்டில் மூன்று வெள்ளி. அதன் பிறகு உஷா ஓய்வு பெற்றார், திருமணம் ஆனது, பல ஆண்டுகள் கழித்து மறுபடியும் ஓடவும் வந்தார். அந்த இரண்டாம் கட்டத்தில் நம்பியார் இல்லை.

மணியூரில் அவர் அமைதியாக முதுமையடைந்தார். பின்னாளில் நடுக்குவாத நோய் அவரைப் பிடித்துக்கொண்டது. விரல் நுனியில் நூறில் ஒரு பங்கைப் பிடித்து நிறுத்திய கை நடுங்கத் தொடங்கியது. உஷாவுக்குப் பத்மஸ்ரீ வந்தது 1985இல். அவருடைய ஆசிரியருக்கு வந்தது 2021 ஜனவரியில், முப்பத்தாறு ஆண்டுகள் கழித்து. அப்போது பேட்டி கேட்டவர்களிடம், முன்பே வந்திருக்க வேண்டியது, தாமதமானாலும் மகிழ்ச்சிதான் என்று சொன்ன நம்பியார், விருதைப் பற்றிப் பேசி நிறுத்திக்கொள்ளாமல் லாஸ் ஏஞ்சலிஸுக்குத் திரும்பினார். உஷாவுக்கு வெண்கலம் தவறியது தெரிந்ததும் நிறுத்த முடியாமல் அழுததையும், உஷாவுக்கு ஓர் ஒலிம்பிக் பதக்கம் என்பதே தம் வாழ்க்கையின் நிறைவேறாத கனவு என்பதையும் சொன்னார். எண்பத்தெட்டு வயதைத் தாண்டிய மனிதருக்கு, கையில் வந்த விருதைவிட அந்த நான்கு விரற்கடை பெரிதாக இருந்திருக்கிறது.

2021 ஆகஸ்ட் 7 அன்று டோக்கியோவில் நீரஜ் சோப்ரா 87.58 மீட்டர் தூரம் ஈட்டி எறிந்து தடகளத்தில் இந்தியாவின் முதல் ஒலிம்பிக் தங்கத்தை வென்றார். லாஸ் ஏஞ்சலிஸ் ஓட்டம் நடந்து 37 ஆண்டுகள் நிறைய ஒரே ஒரு நாள்தான் பாக்கி. நிறைவேறாத தன் கனவு 37 ஆண்டுகளுக்குப் பிறகு இன்று நிறைவேறியது என்று உஷா நீரஜை மகனே என்று அழைத்து எழுதினார். அதற்குப் பன்னிரண்டு நாள்கள் கழித்து, ஆகஸ்ட் 19 அன்று, நம்பியார் காலமானார். வயது 89.

உஷா 2002இல் பெண் பிள்ளைகளுக்காக ஒரு தடகளப் பள்ளியைத் தொடங்கினார். இப்போது அது கோழிக்கோடு மாவட்டம் கினாலூரில் இயங்குகிறது. சிறு வயதுப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து, தன்னோடு தங்க வைத்து, படிப்பையும் சாப்பாட்டையும் ஓட்டத்தையும் ஒருவரே கவனித்துக்கொள்ளும் முறை அங்கே நடக்கிறது. அது எந்தப் புத்தகத்திலிருந்தும் எடுத்த முறை அன்று. 1976இல் கண்ணூர் விடுதியில் தான் வளர்க்கப்பட்ட முறை. அங்கிருந்து வந்த டின்டு லூக்கா லண்டன் ஒலிம்பிக்கில் 800 மீட்டர் அரையிறுதி வரை ஓடினார், 2014 ஆசிய விளையாட்டில் வெள்ளி வாங்கினார். கேள்வி கேட்ட இளைஞர் அந்தப் பள்ளிக்கு ஒருமுறை போய்ப் பார்த்தால், நம்பியாரின் பங்கு எவ்வளவு என்பதை என் பதிலைவிடத் தெளிவாகத் தெரிந்துகொள்ளலாம்.

அவர் சில மாதங்களில் பழக்கி எடுத்த அந்த 55.42, இந்தியப் பெண்களின் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் தேசியச் சாதனையாக முப்பத்தொன்பது ஆண்டுகள் யாராலும் தொடப்படாமல் நின்றது. செயற்கை ஓடுதளங்கள் வந்தன, வெளிநாட்டுப் பயிற்சியாளர்கள் வந்தார்கள், உணவு நிபுணர்கள் வந்தார்கள். 2023 அக்டோபர் 2 அன்று, ஹாங்சௌ ஆசிய விளையாட்டின் தகுதிச் சுற்றில் கோயம்புத்தூர்ப் பெண் வித்யா ராம்ராஜ் அதைத் தொட்டார். மின்பலகையில் வந்த நேரம் 55.42. நூறில் ஒரு பங்கு கூடவும் இல்லை, குறையவும் இல்லை. மறுநாள் இறுதி ஓட்டத்தில் அவர் 55.68 நொடியில் மூன்றாவதாக வந்து வெண்கலம் வாங்கினார்.